இன்சுலாவில் ஒரு மடிப்பு சிறிதாக இருந்தால் மூளை சுருங்குகிறதா?

கேள்வி: எனக்கு வயது 38. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், இடது இன்சுலாவின் நடுக் குறுமடிப்பு சிறியதாக உள்ளது என எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையில் இந்த வரி இல்லை. மூளை சுருங்குகிறதா, டாக்டர்?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து மூளை சுருங்குவதாகக் கொள்ள இடமில்லை. இன்சுலா என்பது மூளையின் பக்கவாட்டில் உள்ள சில்வியன் பிளவின் அடியில், நெற்றி, உச்சி, பொட்டுப் பகுதி மடல்களின் விளிம்புகளால் மூடப்பட்டுக் கிடக்கும் புறணிப் (மூளையின் வெளி அடுக்கு) பகுதியாகும். சுவை, வலி, வெப்பம், உள்ளுறுப்புகளின் உணர்வு ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. சாய்வாக இறங்கும் மையப் பள்ளம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. முன்புறம் பெரும்பாலும் மூன்று குறுமடிப்புகளும், பின்புறம் இரண்டு நெடுமடிப்புகளும் இருக்கும். இவற்றில் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடுவது நடுக் குறுமடிப்புதான். சிலருக்கு அது மேற்பரப்பை எட்டாமல், முன்னும் பின்னும் உள்ள மடிப்புகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும். ஒருவருக்கே இடமும் வலமும் எப்போதும் ஒத்திருப்பதில்லை.

பெயரிடுவதிலும் ஒரே வழக்கம் இல்லை. 1998-இல் வெளியான பன்னாட்டு உடற்கூற்றியல் பெயர்ப் பட்டியல், குறுமடிப்புகளைத் தனித்தனியாகப் பெயரிடாமல் மொத்தமாகவும், நெடுமடிப்பை ஒருமையிலும் குறிப்பிடுகிறது. முன், நடு, பின் என்று பிரித்துச் சொல்வது அறுவை மருத்துவர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் பயன்படுவதால் நிலைத்த வழக்கம். ஆகவே ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவர் எழுதாமல் விட்டிருப்பது இயல்பே. இத்தகைய வரியை விளக்கமின்றி நோயாளியின் கையில் கொடுப்பது தேவையற்ற அச்சத்தைத் தருகிறது என்பது என் கருத்து.

மூளை சுருங்கும்போது ஒரு மடிப்பு மட்டும் சிறுத்து நிற்பது வழக்கமன்று; சில்வியன் பிளவு அகன்று, சுற்றியுள்ள பள்ளங்களும் விரிந்து காணப்படும். மடிப்பின் அளவைவிட, அங்கே புறணியின் தடிப்பும் படத்தில் அதன் நிறமும் இயல்பாக உள்ளனவா என்பதே முக்கியம்.

காரணமின்றித் தொண்டை இறுகுவது, முகத்திலோ கையிலோ திடீரென மதமதப்பு, வாயில் விரும்பத்தகாத சுவை ஆகியவை சில நொடிகள் திரும்பத் திரும்ப வந்தால், அது இன்சுலாவில் தொடங்கும் வலிப்பாக இருக்கலாம்; மடிப்பு எந்த அளவில் இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், தலைவலிக்கான காரணத்தைத் தனியே ஆராய்ந்தால் போதும். மருத்துவரிடம் செல்லும்போது அறிக்கைகளோடு இரண்டு ஸ்கேன்களின் சி.டி.க்களையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். படங்களை நேருக்கு நேர் ஒப்பிட்டால்தான் மாற்றம் உண்டா இல்லையா என்பது தெரியும்.