தோட்ட வேலைக்குக் கொடுத்த காசோலையை நிறுத்தலாமா?

கேள்வி: பரந்தனில் எங்கள் வீட்டு முற்றத்தில் தோட்டம் அமைக்க, தூரத்து உறவான ஒருவரிடம் வரைபடம் முதல் நடுகை வரை எல்லாவற்றையும் 380,000 ரூபாவுக்கு ஒப்படைத்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. 250,000 ரூபாவை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டேன். மிகுதி 130,000க்கு அடுத்த மாதத் திகதியிட்டுக் காசோலை கொடுத்தேன். இப்போது கன்றுகளில் பாதி பட்டுவிட்டன. சொட்டுநீர் கடைசிப் பாத்திவரை வருவதில்லை. மழைக்குப் பாத்திகளில் தண்ணீர் தேங்கிவிட்டது. கேட்டதற்கு, "தண்ணி விடத் தெரியாத ஆக்களுக்கு என்னத்துக்குத் தோட்டம்" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். காசோலையை நிறுத்திவிட்டுப் பொலிஸில் முறையிடலாமா?

பதில்: அம்மாவிடம் பேசிய பேச்சையும் உறவையும் நம்பிக்கையையும் ஒதுக்கி வையுங்கள். எந்த நீதிமன்றமும் அதற்குக் காசு தராது. பொலிஸும் இதைக் குடியியல் பிணக்கு என்றே சொல்லும். வந்து வேலை செய்த ஒருவரை, வேலை சரியில்லை என்பதற்காக மோசடிக்காரர் ஆக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: அந்தக் காசோலை. எழுத்தில் எதுவும் இல்லாத வேலைக் கூலிக்கு அவர் வழக்குப் போடுவதென்றால், வழக்குப் போடும் காலத்துக்கு எல்லை வைக்கும் காலவிதிப்புச் சட்டத்தின்படி ஒரு வருடமே உண்டு. காசோலை கையில் இருப்பதால் அதை வைத்து ஆறு வருடம் வரை வழக்காடலாம். அதுவும் சுருக்க நடைமுறையில். அங்கே எதிர்வாதம் செய்ய நீங்கள் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்கவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வாதாடுங்கள் என்றும் நீதிபதி கட்டளையிடலாம்.

வழக்கோடு வருபவர்கள் விழுகிற குழி இதற்கு அடுத்ததில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, நேர்மையற்ற எண்ணத்தோடு காசோலையை நிறுத்துவது குற்றம். சிறையும் உண்டு. ஆகவே வங்கிக்குப் போகமுன், நிறுத்துவதற்கான நேர்மையான காரணம் தாளில் இருக்கவேண்டும். நிறுத்திய பிறகு எழுதுகிற குறைகளை, தப்புவதற்குச் சோடித்தவை என்றுதான் மற்றப் பக்கம் சொல்லும். "கணக்கில கிடக்கிற காசை எடுத்துவிடு, செக் தானாத் திரும்பும்" என்று யாராவது புத்தி சொல்லியிருந்தால் கேட்கவேண்டாம். நிறுத்துவதற்காவது ஒரு காரணம் சொல்லலாம், கணக்கை வெறுமையாக்கியதற்கு ஒன்றும் சொல்ல முடியாது.

காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையை இன்றே பாருங்கள். பெயர் எழுதி, குறுக்குக் கோடு போட்டு, அவர் கணக்குக்கு மட்டும் என்று எழுதினீர்களா? பெயர் போடாத காசுக் காசோலை என்றால், அவர் அதை ஹார்ட்வெயார் கடைக்குக் கல்லுக்கும் குழாய்க்கும் மாற்றியிருக்கலாம். எதுவும் தெரியாமல் பொருள் கொடுத்து அதை வாங்கிய கடைக்காரரிடம் உங்கள் சொட்டுநீர்க் கதை எடுபடாது.

இனிக் குறைகள். "கன்று பட்டுப்போச்சு" என்பது பலவீனமான முறைப்பாடு. ஒப்படைத்த பிறகு தண்ணீர் விடவேண்டியது நீங்கள், அவருடைய சட்டத்தரணி முதலில் கேட்பதும் அதைத்தான். அளக்கக்கூடிய குறைகளைப் பிடியுங்கள். தண்ணீர்த் தாங்கியின் அடிப்பாகம் நிலத்திலிருந்து எத்தனை அடி உயரம்? ஐந்தடி என்றால் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 0.15 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சாதாரண சொட்டுமுனைகள் 1 பார் அளவில் வேலைசெய்யவென்று செய்தவை. கடைசிப் பாத்திக்கு நீர் போகாததற்கு இது போதும். தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில் வடிகட்டி உண்டா? சீமெந்துக் கல்லுப் பாத்தியின் அடியில் நீர் வெளியேறத் துளை விட்டாரா? கிணற்று நீர் உப்பா என்று நடுவதற்கு முன் பார்த்தாரா? வரைபடமும் அவருடைய பொறுப்பு என்பதால், "உங்கட தண்ணி சரியில்லை" என்று இப்போது சொல்லித் தப்புவது அவருக்குக் கடினம். அந்தக் கன்றையும் அந்த இடத்தையும் நீங்களே தெரிவுசெய்து அடம்பிடித்திருந்தால் கதை வேறு. உங்கள் வட்ஸ்அப் செய்திகளை ஒருமுறை நேர்மையாக வாசியுங்கள்.

அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு குறிப்பு வாங்குங்கள். இன்னொரு வேலைகாரரிடம் திருத்தச் செலவை எழுத்தில் எடுங்கள். ஆனால் அவரைக்கொண்டு எதையும் கிண்டவோ உடைக்கவோ வேண்டாம். சான்றைத் தன் கையாலேயே புதைத்துவிட்டு வருபவர்கள் அதிகம். பிறகு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: குறைகள், திருத்த 14 நாள், அதுவரை காசோலையை வைப்பிலிட வேண்டாம். அவர் திருத்த வந்தால் கேற்றைப் பூட்டவேண்டாம். பூட்டினால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் ஆவீர்கள்.

நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுதுவதானால் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். அதனால் காசோலை உங்கள் கைக்கு வராது.

வெளிப்படையாகச் சொன்னால், இது கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிற விடயம் அல்ல. இந்தத் தொகைக்கு எப்படியும் இரு பக்கத்தையும் இணக்கத்துக்குக் கொண்டுவரும் மத்தியஸ்த சபையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கேயே முடியுங்கள். திருத்தச் செலவு 45,000 என்று வந்தால் 85,000 தருவதாகச் சொல்லுங்கள். அவர் ஒரு லட்சத்தில் நின்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள், வழக்குச் செலவு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். இணக்கத்தில் முழுக்கணக்கும் தீர்ந்தது என்று எழுதி இருவரும் ஒப்பமிடவேண்டும். காசோலைத் தாள் உங்கள் கைக்கு வராமல் காசைக் கொடுக்கவேண்டாம். "அதை அப்பவே கிழிச்சுப்போட்டன்" என்றால், அடிக்கட்டையில் உள்ள இலக்கத்தைக் குறிப்பிட்டு அதையும் எழுத்தில் வாங்கி, அந்தப் பிரதியுடன் போய் வங்கியில் நிறுத்துங்கள்.