ராணுவத் தளத்தில் கரண்ட் போனால்: கேள்வி பதில்

கேள்வி: கூரையெங்கும் சோலார் போட்ட தளத்துக்கு, வெளி மின்சாரம் போனால் என்ன கவலை?

பதில்: கவலைதான். கிரிட்டோடு, அதாவது வெளி மின்கட்டமைப்போடு, இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தைப் பயன்படும் மின்சாரமாக மாற்றும் பெட்டி), வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதல்லவா? ஆகவே உச்சி வெயிலிலும் தளம் இருட்டு. வெளி கிரிட்டிலிருந்து கழன்றுகொள்ளும் சுவிட்ச், தானே வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் இன்வெர்ட்டர், பேட்டரி, இவற்றையெல்லாம் இயக்கும் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்தால்தான் மைக்ரோகிரிட், அதாவது வெளி மின்சாரம் இல்லாமலும் ஓடும் சிறு கிரிட். கலிபோர்னியாவின் மிராமர் மரைன் விமானத் தளத்தில் சோலாரோடு டீசல், இயற்கை எரிவாயு, பக்கத்துக் குப்பைமேட்டு வாயு வரை ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள்.

கேள்வி: கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கிறதே, போதாதா?

பதில்: அதுதான் சிக்கலே. ஒன்று பழுதானால் பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் உதவிக்கு வராது. பெரிய இன்ஜினைக் குறைந்த லோடில் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். மாதாமாதம் லோடே இல்லாமல் ஓட்டிக் கையெழுத்துப் போடுவது சோதனையல்ல. மெயினை ஆஃப் செய்து பாருங்கள். 2019 ஏப்ரலில் ஃபோர்ட் பிராக் என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். சொல்லாதது தப்பு. நிறுத்தியது தப்பில்லை.

கேள்வி: சோலார் பேனலைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்கு எந்த பேட்டரி நல்லது?

பதில்: அந்தக் கேள்வி இங்கே வேண்டாம்.

கேள்வி: ஓர் அணு உலை வைத்துவிட்டால் எரிபொருள் கவலையே இல்லையே?

பதில்: பழைய ஆசை. அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் 1962 முதல் 1972 வரை ராணுவ உலை ஓடியது. பிறகு மூடிவிட்டார்கள்.

அதே அன்பர்: அது அந்தக் காலம். இப்போது லாரியில் ஏற்றிப் போகும் அளவுக்குச் சிறிய உலை வரப்போகிறது.

பதில்: வரட்டும். பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் நாளில் எதை ஓட்டுவீர்கள்?

இன்னொருவர்: டீசல் லாரி வரும் சாலையே அடைபட்டால்?

பதில்: இது நியாயம். பனிக்காட்டு ரேடார் நிலையத்துக்கு உலை பொருந்தலாம். ஊரை ஒட்டிய தளத்துக்கு வேண்டாம் என்பேன். உலை புதிதாக இருந்தும் உள்ளே கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் தாத்தா காலத்தவை என்றால் என்ன லாபம்? முதலில் அதை மாற்றுங்கள், மெயினை ஆஃப் செய்து பாருங்கள், அப்புறம் உலை பேசலாம்.

உலை கேட்ட அன்பர்: நீங்கள் டீசல் கட்சி!

பதில்: சரி, விடுங்கள்.

கேள்வி: முக்கியப் பணிகளுக்கு 99.9 சதவீத நேரம் மின்சாரம் வேண்டும், 2030-க்குள் எட்ட வேண்டும் என்கிறதே அமெரிக்கச் சட்டம்?

பதில்: அப்படியும் வருடத்துக்குச் சுமார் எட்டே முக்கால் மணி நேரம் இருட்டு. அது எந்த வேளையில் வரும் என்பதுதான் கேள்வி.

கேள்வி: கன்ட்ரோலரை இன்டர்நெட்டில் இணைக்கலாமா?

பதில்: கூடாது. 2015 டிசம்பரில் உக்ரைனில் மின் நிறுவனங்களின் கணினிகளில் ஊடுருவியவர்கள், தொலைவிலிருந்தே பிரேக்கர்களை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை)த் திறந்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் இயக்கித்தான் மீட்டார்கள். கையால் இயக்கத் தெரிந்த ஆள் உங்கள் தளத்தில் இரவு ஷிஃப்டிலும் இருக்கிறாரா?