அம்மா போன பிறகு அப்பா வெளியே வருவதில்லை என்று கேட்டவருக்கு

வணக்கம். அம்மா தவறி ஆறு மாதமாகியும் 68 வயது அப்பா அஸ்தம்பட்டி வீட்டில் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் அப்பாவும் இப்படித்தான் இருந்தார்.

“வாக்கிங் போங்கப்பா” என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அப்புறம் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது அவர் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். அன்றன்றைக்குத் தேவையானது மட்டும்தான், அதனால் தினமும் பையோடு உழவர் சந்தைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஒருநாள் கீரை விற்கும் அம்மா, “நேத்து ஏனுங்க வரல?” என்று கேட்டிருக்கிறார். அதை அப்பா வந்து என்னிடம் சொன்னபோது முகத்தில் பழைய களை தெரிந்தது. தன்னைத் தேடவும் ஓர் ஆள் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தைக்கு நடந்து போய்வந்தாலே பெரும்பகுதி வந்துவிடும். முடிந்தால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் சில முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், கால் வலுவாகும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.