72 மணி நேரக் கணக்கு: வாசகியர் கேள்விகள்

கேள்வி: திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி யூடியூபில் தேடினேன். ‘கருவைக் கலைத்துவிடும்’ என்றார் ஒருவர். ‘ஒருமுறை போட்டாலே அப்புறம் குழந்தை தங்காது’ என்றார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவர் சொன்னதுமே தவறு. அந்த மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. பின்னாளில் கருத்தரிப்பதையும் தடுக்காது.

ஒரே ஒரு மாத்திரை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். முட்டை முன்பே வெளிவந்திருந்தால் பலனில்லை என்பதுதான் காரணம். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமாஸெபின் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் வீரியம் குறையும். உறவுக்குப் பின் 5 நாட்களுக்குள், கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி வைத்துக்கொள்வதே அவர்களுக்கு நல்லது. மாத்திரையைவிட அதுவே யாருக்கும் உறுதியான வழி. அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை போட்டபின் மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது, அவசரக் கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றாகக் குழப்பும் வீடியோக்கள். மிஃபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று அட்டையில் இருந்தால் அது கலைப்புக்கானது. மருத்துவர் பார்க்காமல் தொடவே கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரைகளுக்கு அது கலையாது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம், உயிருக்கே ஆபத்து.

ஆகவே, பேசுகிறவர் மருந்தின் பெயர், அளவு, நேர வரம்பு சொல்கிறாரா, யாருக்கு வேலை செய்யாது என்றும் சொல்கிறாரா என்று பாருங்கள். ‘சூடு’, ‘பக்க விளைவு’ என்று மொட்டையாகப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் வாட்ஸ்அப் எண் தந்து லேகியம் விற்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேடும்போது ‘கர்ப்பம் தடுக்க டிப்ஸ்’ என்று போடாமல், மருந்தின் பெயரோடு ‘உலக சுகாதார நிறுவனம்’ என்றும் சேர்த்துப் போடுங்கள். வரும் விடைகளின் தரமே மாறும். இணையமே வேண்டாம் என்றால் 104-ஐ அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் இந்த மருத்துவ உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரும் இதற்கெல்லாம் பயிற்சி பெற்றவர்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மெடிக்கலில் மருந்துச்சீட்டு கேட்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராமுக்குச் சீட்டு தேவையில்லை. மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தமிழ்நாட்டில் பல கடைகளில் இருப்பே வைப்பதில்லை என்பதால் ஒரே கடையில் வாதாடி நேரத்தை இழக்காதீர்கள். அடுத்த கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.