ஐந்து பேருக்கு ஹீரோக்வெஸ்ட் பொருந்தும்

ஹீரோக்வெஸ்ட், கிளூம்ஹேவன் என்ற இரண்டு சாகசப் பலகை விளையாட்டுகளில் ஹீரோக்வெஸ்டையே வாங்குங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் வீட்டிலிருக்கும் ஐவரும், எட்டு வயது மகள் உட்பட, ஒன்றாக ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளூம்ஹேவனின் சிறிய பெட்டியான 'ஜாஸ் ஆஃப் தி லயன்' நால்வருக்கு மேல் இடம் தராது. ஹீரோக்வெஸ்டிலோ நால்வர் வீரர்களாகவும், ஒருவர் பாதாளத்தையும் அதன் அரக்கர்களையும் நடத்தும் தீய மந்திரவாதி ஸார்கனாகவும் அமரலாம்.

நீங்கள் சொன்னபடி, உறவினர் வீட்டில் கிளூம்ஹேவன் ஆடியபோது பிள்ளைகள் பாதியில் எழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சீட்டுகள்தாம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சீட்டுகளைத் தேர்ந்து, ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்பாதியையும் பயன்படுத்த வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் வீரர் களைத்து வெளியேறுவார். பெரியவர்களுக்கு அருமையான கணக்கு அது, எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் எட்டு வயதுக்கு அது சுமை. ஹீரோக்வெஸ்டில் மண்டையோடு விழுந்தால் அடி, கேடயம் விழுந்தால் தற்காப்பு என்று பகடையே பேசிவிடுகிறது.

வாங்குமுன் விதிப்புத்தகத்தை இணையத்தில் பார்த்து, கோலமாவால் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டைகளை அரக்கர்களாக வைத்து ஓர் அறையை மட்டும் ஆடிப் பாருங்கள். மகள் தன் முறைக்காகப் பொறுமையுடன் காத்திருந்தால் தயங்க வேண்டாம்.

பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்றிருக்கும்; அதனால்தான் மகளோடு முதலில் ஆடிப் பார்க்கச் சொன்னேன். சீட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஸார்கனாக அமர்பவர் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஆட்டத்திலுள்ள 14 சாகசங்களை 61 நாள் தடைக்காலத்துக்குள் நிதானமாக முடித்துவிடலாம். உப்புக்காற்றில் சீட்டுகள் வளையும் என்பதால் உறையிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.