புது ஓடை கட்டியும் தெருவில் முழங்கால் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

(குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து இந்த முறை வந்தவை எல்லாமே மழைத் தண்ணீர் பற்றிய கேள்விகள்.)

கேள்வி: எங்கள் தெருவில் 3 அடி அகலத்துக்குப் புது ஓடை கட்டினார்கள். முன்பு கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் இப்போது முழங்காலுக்கு வருகிறது. இன்னும் பெரிதாகக் கட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா? – தேங்காப்பட்டணம் பக்கத்து வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் ஓடைக்கு வந்து சேரும் இடம் 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மி.மீ. மழை பெய்து, அதில் நூற்றுக்கு 80 பங்கு ஓடி வந்தால் வினாடிக்கு 530 லிட்டர் சேரும். 3 அடி அகல கான்கிரீட் ஓடையில் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடி, 100 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவும் இருந்தால் வினாடிக்கு 600 லிட்டர் போகும். அகலம் போதும்.

அடியில் 20 செ.மீ. மணல் படிந்தால் கதை மாறிவிடும். உயரத்தில் போனது கால் பங்குதான், ஆனால் ஓடும் தண்ணீர் பாதியாகி 300 லிட்டருக்கு வந்துவிடும். சொரசொரப்பான மணல் வேகத்தையும் இழுத்துப் பிடிப்பதே காரணம். வேகம் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணல் மேலும் மேலும் படியும்.

எனவே முதலில் சரிவைப் பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவல் போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும் என்பதால் அதை முதலில் வெளியேற்றுங்கள். தண்ணீர் கடலில் விழும் வாயில் தொடங்கி மேலே நடந்து வாருங்கள். 10 மீட்டருக்கு ஓரிடத்தில் ஸ்லாப்பைத் தூக்கி, சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, கோட்டிலிருந்து ஓடையின் தரை வரை அளந்து எழுதுங்கள். மேலே வர வர அளவு 10 மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் குறைய வேண்டும். எங்கே கூடுகிறதோ, அதற்குக் கடல் பக்கத்தில் தரை மேடாக இருக்கிறது. இரண்டு ஒப்பந்ததாரர்களின் வேலை சந்திக்கும் இடத்திலும் சிறுபாலத்தின் அடியிலும்தான் இது பெரும்பாலும் அகப்படும். மனுவோடு அந்த அளவுத் தாளையும் வையுங்கள். ‘பெரிதாகக் கட்டுங்கள்’ என்பதைவிட ‘இந்த இடத்தில் 12 செ.மீ. மேடு’ என்பதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

தூர் வாரும்போது எடுத்த மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது ஓடைக்கே திரும்பிவிடும். அன்றைக்கே வண்டியில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: மழையே இல்லாத நாளில்கூட ஓடையில் உப்புத் தண்ணீர் ஏறி வருகிறது. கதவு போடலாமா? – கொல்லங்கோடு பக்கத்து வாசகி

பதில்: போடலாம், அதன் குணம் தெரிந்து போட வேண்டும். நம் கடற்கரையில் கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். ஆனாலும் மேலே சொன்ன சரிவுள்ள ஓடையில் கடல் அரை மீட்டர் ஏறினால் அரை கிலோமீட்டர் உள்ளே வரை தண்ணீர் நிற்கும். கள்ளக்கடல் நாட்களில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை இங்கே காற்றே இல்லாமல் ஏறும்போது, இன்னும் மோசம்.

மேலே கீல் வைத்துத் தொங்கும் மடிப்புக் கதவை உள்ளிருந்து வரும் தண்ணீர் தள்ளித் திறக்கும், கடல் தள்ளி மூடும். சாதாரண இரும்புக் கீல் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், 316 தர ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். ஒரு தேங்காய் மட்டை இடையில் சிக்கினாலே கதவு மூடாது. ஆகவே கதவுக்கு முன்னால், ஓடையின் பக்கம், சாய்வான கம்பி வலை வேண்டும். நேராக நிறுத்தினால் குப்பையை வாரி எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு மூடியிருக்கும் சில மணி நேரத்துக்கு மழைத் தண்ணீர் நிற்க ஓர் இடம் வேண்டும். பக்கத்துக் குளம்தான் அந்த இடம். குளத்தின் உபரி நீர் வழியும் மறுகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதுவும் உதவாது. இடமே இல்லாத பள்ளத் தெருவுக்கு பம்புதான் வழி: ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை என்றால் 5 லட்சம் லிட்டர். வினாடிக்கு 100 லிட்டர் தள்ளும் பம்பு அதை இறைக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

தண்ணீர் கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல் மூடிக்கிடந்தால் கதவால் பயனில்லை. மணலை வெட்டுவது கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில் இருக்கட்டும். உள்ளே உயர்ந்து நிற்கும் தண்ணீரே மீதி மணலை அரித்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் வெட்டினால் அலை அடைத்துவிடும், ஜேசிபி வாடகைதான் மிச்சம்.

கேள்வி: சிறுபாலத்தில் 2 அடிக் குழாய் உடைந்தது. பதிலுக்கு 1 அடிக் குழாய் இரண்டு போட்டார்கள். சரிதானே?

பதில்: இல்லை. இரண்டும் சேர்ந்தாலும் பரப்பு பழையதில் பாதிதான், உராய்வும் கூடும். அதே சரிவில் பழைய குழாய்க்கு ஈடாக ஆறேழு குழாய்கள் வேண்டும்.

கேள்வி: வீட்டுக் கூரைத் தண்ணீரை ஓடைக்கு விடாமல் மணலில் இறக்கலாமா?

பதில்: 1,000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 4,600 லிட்டர். மணல் இதைக் குடிக்கும், நிலத்தடி நீர் கீழே இருக்கும் வரை. கோடையில் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது பாருங்கள். அப்போதைய நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே, தண்ணீர் இறக்கத் தோண்டும் குழியின் அடி நிற்க வேண்டும். அவ்வளவு இடைவெளி இல்லையென்றால் குழி வெறும் தொட்டிதான். செப்டிக் டேங்கின் நீரை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள், கிணறு கெட்டுவிடும்.