நீட் கைகூடாத மகள் காலரா ஆய்வுக்குப் போகலாமா?

“பிளஸ் டூ முடித்த மகளுக்கு நீட் கிடைக்கவில்லை. மைக்ரோபயாலஜி படித்துக் கொல்கத்தாவில் காலரா கிருமியை ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நோய் ஒட்டிக்கொள்ளுமோ, வேலை கிடைக்குமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை” என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

ஐயா, முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். காலரா காற்றில் பரவாது. கிருமி கலந்த தண்ணீரோ உணவோ வாய்க்குள் போனால்தான் வரும். கையுறை, கோட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல், ஆய்வகத்துக்குள் எதையும் சாப்பிடாமல் இருத்தல் என்று ஒழுங்காக நடந்துகொண்டால் ஆபத்து மிகவும் குறைவு.

கொல்கத்தா என்று அவள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. 1884-இல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் இந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தது அங்கேதான். அது உண்டாக்கும் நச்சை நம் நாட்டு விஞ்ஞானி சம்புநாத் டே கண்டுபிடித்துக் காட்டியதும் அந்த ஊரில்தான், 1959-இல். நைசெட் என்று நெடுங்காலம் அறியப்பட்ட மத்திய அரசு ஆய்வு நிறுவனம் 1962 முதல் அங்கே இயங்குகிறது. அது இருக்கும் பெலியாகட்டாவில்தான் தொற்றுநோய் மருத்துவமனையும் உண்டு.

வேலை எப்படி இருக்கும்? நோயாளியின் மலத்திலிருந்து எடுத்த மாதிரியை டிசிபிஎஸ் என்ற, கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் தேய்த்துவிட்டால், மறுநாள் காலராக் கிருமி மஞ்சள் புள்ளிகளாக எழுந்து நிற்கும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரசாயனக் கரைசல் விட்டு அந்தப் புள்ளியைக் குழைத்து, வளையக் கம்பியால் மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். காலராக் கிருமியானால், வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுமே, அப்படி இழை நீளும். அப்புறம் ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்து, வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, எது கேட்கும் எது கேட்காது என்பது அந்த அளவில் தெரிந்துவிடும். உயிர் காப்பதில் முதலிடம் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குத்தான். ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு எந்த மாத்திரை என்று மருத்துவர் முடிவுசெய்ய இந்த அளவுதான் துணை.

ஒருமுறை அளந்தால் போதாதா என்று தோன்றலாம். 1992-இல் நம் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். நோய் அச்சு அசலாகக் காலரா. கிருமியோ, அதுவரை காலராவை அடையாளம் காட்டிவந்த ஓ1 எதிர்ச்சீரம் என்ற சோதனைத் திரவத்துக்கு அசையவில்லை. ஓ139 என்ற அந்தப் புது வகை கொல்கத்தா, டாக்கா வரை பரவியது. அப்போது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்கவில்லை. சில காலம் ஒதுங்கியிருந்து 1996-இல் கொல்கத்தாவில் திரும்பி வந்தபோது அதே மருந்துக்கு அடங்கியது. இப்படி ஆளும் மாறும், குணமும் மாறும். யாராவது ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகள் கேட்பது அந்த இடத்தைத்தான். நீட் போனதற்கு ஆறுதல் பரிசாக இதை நினைக்காதீர்கள்.

சரி, சம்பளம். வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், மறைக்காமல் சொல்கிறேன். எம்.எஸ்சி. கட்டாயம். அதற்குப் பிறகு சிஎஸ்ஐஆர் அல்லது ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசு ஆய்வு அமைப்புகளின் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேர்வு. சிஎஸ்ஐஆர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தொடக்கத்தில் பல வேலைகள் திட்டப்பணி, ஒப்பந்தப்பணியாகவே இருக்கும். ஐந்தாறு வருடம் பொறுக்கக் குடும்பம் தயாரா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். கணினியில் ஆர்வம் இருந்தால் மரபணு வரிசையைப் படிக்கும் பக்கம் போகலாம். பைதான், ஆர் என்ற கணினி மொழிகள் இரண்டையும் கல்லூரியிலேயே தொடங்கட்டும். ஊர் ஊராகச் சென்று நோய் பரவும் வழியைத் தேடப் பிடித்தால், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுகலை இருக்கிறது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு செமஸ்டரில் ஒவ்வொரு மாணவியும் தன் கையால் கிருமி வளர்க்கும் தட்டு எத்தனை ஊற்றித் தயாரிக்கிறாள் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள். கொல்கத்தாவுக்கு இப்போதே அனுப்ப வேண்டியதில்லை. இங்கேயே படிக்கட்டும், எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ஆய்வுத் திட்டத்துக்கு அங்கே விண்ணப்பித்து, சில மாதம் இருந்து பார்த்துவிட்டு வரட்டும்.